ஏரிக்கரைச் சாலைக்கு வைத்தியம்

சிங்கப்பூரை ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்த ரோடு கான்ட்ராக்டர் சிட்டிபாபு, திரும்பும்போது விஞ்ஞானியாகிவிட்டார். பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சாலையில் பெயர்த்தெடுத்த பழைய தார்ச் சல்லியை எண்ணெய் ஊற்றி இளமையாக்கப் போகிறாராம்.

"வயசான தாருக்கு நம்ம கையில மருந்து கீது மேடம்" என்று இன்ஜினீயர் கிருபாவிடம் மார்தட்டினார்.

வித்தை பொய்யல்ல. வெயிலில் வறண்டு நொறுங்கும் தாருக்கு, அதற்கென்றே செய்த எண்ணெயை அளவாகச் சேர்த்தால் பழைய பிடிப்பு திரும்பும்; கிருபா கல்லூரியிலேயே சோதித்துப் பார்த்தவள். ஆனால் சிட்டிபாபுவின் பீப்பாயை மோந்ததும் சிரித்துவிட்டாள். லாரியிலிருந்து வடித்த கழிவு ஆயில்!

"இதான் சிங்கப்பூர் மருந்தா? தாம்பரம் லாரி ஷெட்டுல சாக்கடைல ஊத்துறது சார் இது."

"எண்ணெய்னா எண்ணெய்தான். படிச்சவங்களோட இதே பேஜாரு!"

மேலதிகாரி தட்சிணாமூர்த்தியின் ஞானம் இன்னும் பெரிது. "ரோடு கறுப்பா இருந்தா போதும்மா. திறப்பு விழா தேதி குடுத்தாச்சு."

கலவைக்கான தரச் சான்றில் கிருபா கையெழுத்துப் போட மறுத்தாள். தட்சிணாமூர்த்தியே போட்டுக்கொண்டார்.

சித்திரை வெயிலில் விழா நடந்தது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் மாலையோடு நடந்த சிட்டிபாபுவின் வெள்ளை பூட்ஸ் பாதி வழியில் தாரில் புதைந்தது. இழுத்தார், கால் மட்டும் வந்தது. விருந்தினர்களின் செருப்புகள் சாலை நெடுக ஒட்டிக்கொண்டு நின்றன.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஆமா சார், சூரியன் டெண்டர் விதிய மீறிடுச்சு" என்றாள் கிருபா. சிரிப்பை அடக்க முடியவில்லை.

இளநீர் விற்கும் கிளியம்மாள் சிரிக்கவில்லை. தாரில் சிக்கிய தள்ளுவண்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இளிக்கிற? அந்தாளு முட்டாள்னு தெரிஞ்சுகினே பாத்துகினு நின்னியே, நீ பெரிய புத்திசாலியா?"

கிருபாவுக்கு முகம் சுண்டிப்போனது. வண்டியைத் தள்ளிவிடப் போனாள். அடுத்த நாளே மண்டல அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டாள். குழைந்த தார் மொத்தமும் சுரண்டி எறியப்பட்டது. குவியலில் மிஞ்சியிருந்த பழைய சல்லிக்குச் சரியான எண்ணெயை வரவழைத்து, கலவையைச் சோதித்து, கூடவே நின்று சிட்டிபாபுவைக் கொண்டே போடவைத்தாள். ஐப்பசி மழைக்கும் சாலை அசையவில்லை.

கார்த்திகையில் கூடுவாஞ்சேரி கான்ட்ராக்டர்கள் நாலு பேரைச் சாலைக்கு அழைத்து வந்தார் சிட்டிபாபு.

"எல்லாம் நம்ம பார்முலா" என்றார். "மேடம் சும்மா கூட இருந்தாங்க."