வெறும் வயிற்றில் வந்த வலி

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லக்கூடாது. திருச்சி பெரியகடைவீதியில் 'கலீல் சுருட்டுக் கடை' என்று பலகை தொங்கும், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். காவேரியில் பெருவெள்ளம் வந்துபோன மறுவருஷம் அவருக்கு ஒரு வயிற்றுவலி வந்தது. வலி அவருக்கு, பழி எனக்கு.

பழியைப் போட்டவள் அவருடைய அக்கா ரோஷன் பேகம். பாலக்கரையிலிருந்து திரை போட்ட ஜட்கா வண்டியில் வருவாள். தலைவலி என்று நெற்றியில் எப்போதும் சுக்குப்பத்து. "ஷரீபா கைக்காரம் உன் குடலை அரிச்சிட்டுது தம்பி" என்பாள். வைத்தியம் பார்த்த ஹக்கீம் சாயபுவும் முதலில் மிளகாயை நிறுத்தச் சொன்னார், பிறகு கத்தரிக்காயை, பிறகு கறியை. எல்லாம் நின்றது, வலி மட்டும் நிற்கவில்லை. கடைசியில் அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "நோன்புப் பெருநாள் கழிஞ்சதும் உனக்குச் சாப்பாடு என் வீட்டிலேருந்து தூக்குல வரும்."

அடுப்பெரிகிற வீட்டுக்குத் தூக்குச்சட்டி வருவதைத் தெரு பார்த்தால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? முதலில் அழுதேன். அப்புறம் கோபப்பட்டேன். எனக்கு அதுதான் நன்றாக வரும்.

பங்குனி வெயிலில் நோன்பு பிறந்தது. ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்த மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டார். விசிறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விடியுமுன் ஸஹரில் சாப்பிட்டது எப்போதோ செரித்திருக்கும். எச்சிலை விழுங்கக்கூட யோசிக்கிறவர் இவர். அந்த வெறும் வயிற்றுக்குள் என் காரம் எப்படிப் போனது?

அன்றிலிருந்து வலியைக் காவல் காத்தேன். நோன்பு திறந்ததும் அவர் தின்ற பேரீச்சம்பழக் கொட்டையை வாங்கிக்கொள்வேன். வலித்த நாளென்றால் சுவர் மாடத்தின் இடப்பக்கம், வலிக்காத நாளென்றால் வலப்பக்கம். கூடவே, "இன்னிக்குக் கடைக்கு யாருங்க வந்தாங்க?" என்று ஒரு கேள்வி. வேண்டுமென்றே ஸஹருக்கு மிளகைத் தூக்கலாகப் போட்டு ஆணம் காய்ச்சினேன். கொட்டை வலப்பக்கம் போனது. வெறும் கஞ்சி குடித்த நாள் இடப்பக்கம் போனது. இடப்பக்கத்து நாட்களிலெல்லாம் அக்காவின் ஜட்கா கடைவாசலில் நின்றிருந்தது.

சோதித்துப் பார்க்க ஒரு பொய் தேவைப்பட்டது. நோன்பு வாயால் பொய் சொல்லக்கூடாது. அதனால் பொழுது சாயும் மக்ரிப் வரை பொறுத்திருந்து, அவர் கஞ்சியைக் குடித்து முடித்ததும் சொன்னேன்: "உங்க அக்கா இப்ப வராங்களாம்." அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"சொல்லுங்க, என்ன சமாச்சாரம்?" என்றேன்.

மனுஷர் உடைந்துபோனார். அக்கா புருஷன் மௌத்தான அன்று, அழுகிற அக்காவைத் தேற்ற, "ஆரிஃபா உன் மகனுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் மகள் ஆரிஃபாவோ அந்த மகன் நஜிமுதீன் தோளில் ஏறி வளர்ந்தவள், அவனை அண்ணனென்றே நினைக்கிறவள். மாட்டேன் என்று அத்தாவிடம் அழுதிருக்கிறாள். அக்கா ஒவ்வொரு தடவையும் திரைக்குப் பின்னாலிருந்து, "பிள்ளைங்களைப் பத்திப் பேசணும் தம்பி" என்று ஆரம்பிப்பாளாம். இவர், "பெருநாள் கழியட்டும்க்கா" என்று தள்ளிப்போடுவாராம்.

"தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவகிட்ட எப்படி ஷரீபா இல்லேன்னு சொல்வேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழியைச் சுமந்தது நானல்லவா? "நீங்க சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லிடறேன்" என்றேன். நான் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

பெருநாள் மதியம் அக்கா வந்தாள், நெற்றியில் அதே பத்து. பிரியாணித் தட்டை வைத்தேன். ஒரு பிடிகூட எடுக்காமல் அவர் சொல்லிவிட்டார், தரையைப் பார்த்தபடி, ஒரே மூச்சில். சொல்லி முடித்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

அக்கா முந்தானையால் நெற்றிப் பத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நஜிமுதீனும் இதைத்தான் சொல்றான், தங்கச்சியை எப்படிக் கட்டறதுன்னு. நீ குடுத்த வாக்கை நான் எப்படித் திருப்பித் தர்றது? அதைச் சொல்லத்தான் வந்து வந்து, வாய் வராமத் திரும்பிப் போனேன். ஒரு வருஷமா மண்டை இடி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த அக்காவும் தம்பியும் மூடிவைத்ததற்கு என் மிளகாயல்லவா தண்டனை அனுபவித்தது. தூக்குச்சட்டிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அக்கா நன்றாகவே சாப்பிட்டாள். தட்டு காலியானதும் பழக்கம் விடவில்லை.

"எல்லாம் சரி. காரம்தான் கொஞ்சம் தூக்கல், இல்லையா தம்பி?"

அவர் அக்காவை நேராகப் பார்த்தார். வயிற்றுக்குப் போகவேண்டிய கை தட்டை என் பக்கம் நீட்டியது.

"இல்லக்கா. காரம் சரியாத்தான் இருக்கு. ஷரீபா, இன்னும் கொஞ்சம் வை."