தெருவுக்குப் போகிற கரண்ட்

மொட்டை மாடியில் கடைசி சோலார் தகட்டைச் சட்டத்தில் வைத்து போல்ட்டை முறுக்கியபோதும் மேரி தெருப் பக்கம் திரும்பவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் இந்த ஒரு தெருவை மட்டும் அவள் பல வருஷமாகத் தவிர்த்து வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். இன்றைக்கு வேலையே இங்கே விழுந்துவிட்டது. ஒப்பந்த லைன்மேனாக இருந்த அவள் புருஷன் ராமராஜன் இங்கேதான் கம்பத்தில் ஏறினான், உயிரோடு இறங்கவில்லை. லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி லைனில் ஏறியிருக்கும் என்றார்கள். எந்த வீடு என்று யாரும் சொல்லவில்லை. அவள் கனவில் ராமராஜன் வருவதே கிடையாது. வெறும் வாசல்கள்தான் வரும். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவாள். உள்ளே ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும், யாரும் திறக்க மாட்டார்கள்.

பிழைப்புக்காகத்தான் சோலார் வேலை கற்றுக்கொண்டாள். இப்போது ஊரெங்கும் மானியத்தில் தகடு வைக்கிறார்கள். வீட்டுச் செலவு போக மிஞ்சும் கரண்ட் தெரு லைனுக்குப் போய்ச் சேரும், அந்த அளவுக்கு நிலக்கரி எரிவது குறையும் என்று பயிற்சியில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். மேரி மட்டும் கைதட்டவில்லை. வீட்டிலிருந்து தெருவுக்கு. அன்றைக்கும் அப்படித்தானே போனது.

கீழே இறங்கி வந்தாள். வீட்டுக்காரர் உமாபதி தறியிலிருந்து எழுந்து வந்தார். வேட்டியில் பட்டு இழைகள் ஒட்டியிருந்தன.

"ஏம்மா, கரண்ட் போச்சுன்னா சோலாரும் நின்னுடுமாமே? வெயிலு கொட்டிக்கினு இருக்குது, அது ஏன் நிக்கணும்?"

"போஸ்ட் மேல ஆள் இருப்பாங்க சார். நம்ம வீட்டு கரண்ட் அவங்க மேல பாயக் கூடாது. அதான் தானா நின்னுடும்."

"அப்போ நம்ம பழைய வழிதான்" என்று சிரித்தபடி, ஆணியில் மாட்டியிருந்த ஒரு ஒயரை எடுத்துக் காட்டினார். அதன் இரண்டு முனையிலும் பிளக் இருந்தது. "ஒண்ணு ஜெனரேட்டர்ல, ஒண்ணு சுவத்துல. வீடு முழுக்க எரியும். எவ்ளோ வருஷமா இதுதான்."

மேரி கேட்டாள். "கரண்ட் தெருவுக்குப் போகாம, மெயின் சுவிட்ச இறக்கிட்டுத்தானே சார் சொருகுவீங்க?"

"ஞாபகம் இருந்தா இறக்குவேன்."

அவள் வேறு யாரையோ பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள். "இந்தத் தெருவுல ஒரு லைன்மேன் செத்துட்டாராமே சார்?"

"ஆமாம்மா. பாவம், நல்ல பையன். நானும் ஓடிப்போய்த் தூக்கினேன்." உமாபதியின் குரல் இறங்கியது. "அன்னிக்கு மழை மூட்டம், தெருவே இருட்டு. நம்ம வீட்டுலதான் ஃபேன் ஓடிக்கினு இருந்துச்சு. காத்து பட்டா முழிச்சுக்குவான்னு இங்கதான் கொண்டாந்து படுக்க வெச்சோம்."

அவர் காட்டிய இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே இப்போதும் அந்த ஃபேன் சுற்றியது. அந்தக் காற்று பிடரியில் பட்டது. காலை நகர்த்த நினைத்தாள். எந்தப் பக்கம் வைத்தாலும் அவன் மேல் மிதித்துவிடுவோம் என்று தோன்றியது.

"அன்னிக்கு மெயின இறக்கினீங்களா சார்?"

உமாபதி கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். அவளையே பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"அவரு சம்சாரம்."

உள்ளே அவர் மனைவி தில்லையம்மாள் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது நின்றதும் மேரி கையை நீட்டினாள். அவர் ஒயரைக் கொடுத்தார். இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரால் அதை நடுவில் துண்டித்தாள். ஒரு துண்டு தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மிச்ச வேலையை முடித்தாள். மெயினை இறக்கினாள், சோலார் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. ஏற்றினாள், கொஞ்ச நேரத்தில் எரிந்தது. மறுபடி இறக்கினாள். அணைந்தது. எத்தனை முறை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாமான்களை எடுக்க மாடிக்குப் போனபோது முதல்முறையாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். உச்சி வெயிலில், செருப்பில்லாமல், நடுத் தெருவில் உமாபதி நின்றிருந்தார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் நகரவில்லை. தன் வீட்டிலிருந்து புறப்படும் கம்பியை ஒரு விரலால் காற்றில் தொடர்ந்துகொண்டே போனார். கம்பத்தின் உச்சிக்கு வந்ததும் அந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.