ஒன்பதாம் பக்கத்துத் தாய்மாமன்

1974 செப்டெம்பர் 14, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்குக் கண்டி மேனாட்டு இசை அன்பர் வட்டம், அதன் தலைவரும் இரும்புக்கடை முதலாளியுமான ராஜலிங்கத்தின் வீட்டு மாடியில் கூடியது. இத்தாலிய ஒபேரா ஒன்றுக்குத் தனபாலன் மாஸ்டர் எழுதிய தமிழ்க் கைநூலை அச்சுக்கு அனுப்புவதே அன்றைய அலுவல். பாடப்புத்தகத்துக்கே கடதாசி கிடைக்காத அவ்வாண்டில், ஒபேராவுக்குக் கடதாசி தேடிக் கொடுத்த பெருமை தலைவருடையது. நூலை முதன்முறையாக அவர் வாசித்ததும் அன்றுதான்.

"என்னா மாஸ்டர் இது? ஒன்பதாம் பக்கத்துல தாய்மாமன கொடியவன்னு போட்டிருக்கீங்க?"

"பெண்ணைப் பூட்டி வைச்சுத் தானே கட்டப் பாக்கிறான். வேற என்னெண்டு எழுதிறது?"

"அக்கா மகள கட்டுறது எங்க பக்கத்துல உரிமைங்க!"

தனபாலனுக்கு அப்போதுதான் உறைத்தது: தலைவரின் மனைவி பாலம்மா அவருடைய அக்காள் மகள். ஆங்கில நூல்கள் சித்தப்பனையும் மாமனையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டுப் போய்விடுகின்றன. தமிழில் அந்தச் சோம்பலுக்கு இடமில்லை. மூன்றாண்டு இசைத்தட்டைக் கேட்டு அவர் உறுதிசெய்த உறவு, இப்போது அவர் தலையிலேயே விழுந்தது.

"மொதலாளி, எங்களுக்கு அது ஹராம்," என்றார் இசைத்தட்டுகளின் சொந்தக்காரரான அலவத்துகொட சாஹுல் ஹமீது. "புஸ்தகம் சரியாத்தான் ஈக்குது."

தலைவர் இறங்கிவந்தார். "சித்தப்பான்னு மாத்திடுங்க. எவனும் கோவிக்க மாட்டான்."

"முதற் பாட்டிலேயே 'என் தாயோடு பிறந்தவன்' எண்டு அவள் பாடுறாள்."

"இத்தாலியில பாடட்டும். யாருக்கு வெளங்கப் போவுது?"

"விளங்கத்தானே இந்தக் கைநூல்! மாத்தினால் என்ரை பேரை எடுத்துப்போடுங்கோ."

தம் பெயர் அச்சில் வருவதை ஒருமுறையேனும் பார்க்க விரும்பியவர் அவர்.

கூட்டங்களுக்குத் தவறாது வந்து, ஒருநாளும் வாய் திறவாத உறுப்பினரான பாலம்மா, மூலைக் கதிரையிலிருந்து கேட்டார்: "அந்தப் பொண்ண யாராச்சும் கேட்டாங்களா, மாஸ்டர்?"

"ஓம் அம்மா. மூன்றாம் அங்கத்திலை கேக்கினம். மாட்டன் எண்டு பாடுறாள்."

"எவ்ளோ நேரம்?"

"இசைத்தட்டிலை ஒரு பக்கம் முழுக்க."

"குடுத்து வச்சவ. என்னைய கேட்டிருந்தா ஒத்த வரியில பாடி முடிச்சிருப்பேன்."

சாஹுல் ஹமீது இசைத்தட்டொன்றை எடுத்து, தூசியே இல்லாத இடத்தை நெடுநேரம் துடைத்தார். தலைவர் நூலை மூடினார்.

இறுதியில் தீர்மானிக்கப்பட்டது இது: ஒன்பதாம் பக்கம் எழுதியவாறே, தனபாலனின் பெயரோடு அச்சாகும். கடதாசியைத் தலைவர் தாம் ஒப்புக்கொண்டபடி தருவார். அவருடைய ஆசியுரை மட்டும், அவரே கேட்டுக்கொண்டபடி, நீக்கப்படும். மூன்றாம் அங்கப் பாடல் வெளியீட்டு விழாவில் இருமுறை ஒலிக்கும். அதை முன்மொழிந்தவர் பாலம்மா, எதிர்த்தவர் எவருமிலர்.