காப்பு கட்டிய வாரம்

என் கூடப்பிறந்த தேவயானி அக்கா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி மோதியது. அதற்கு முந்தைய வருடம் நடந்ததை என்னால்தான் எழுத முடியும்.

அப்போது எனக்கு ரத்தப் புற்றுநோய். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். என் எலும்பு மஜ்ஜையை மருந்தால் காலி செய்துவிட்டு, அக்காவின் செல்களை ஏற்றுவதாக ஏற்பாடு. டாக்டர் பரிமளா அக்காவிடம் விளக்கினார்.

"ரத்தத்தை உண்டாக்குற தாய் செல்லுங்க பாதி நாள் எலும்புக்குள்ள தூங்கிட்டுதாம்மா இருக்கும். ஓயாம வேலை செஞ்சா தேஞ்சுடும். தூங்குறதாலதான் ஆயுசுக்கும் தாங்குது. ஊசி போட்டு எழுப்பி, அஞ்சாம் நாள் ரத்தத்துலேருந்து எடுப்போம்."

"அந்த ஊசி ஒண்ணு கூடக் குடுங்க டாக்டர். எங்க வூட்டுக்காரரையும் எழுப்பணும்" என்றாள் அக்கா.

தன் ஊரான தா.பழூரில் நான்கு நாள் ஊசி போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் மாலை போன் செய்தாள்.

"ஊர்ல காப்பு கட்டியாச்சு மேகலா. ஒரு மூணு நாள் தள்ளிக்கலாமான்னு கேளேன்."

மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், தீ மிதித்து முடியும்வரை அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது; தங்கினால் அந்த வீட்டில் யாரும் தீ மிதிக்க முடியாது. அக்காவின் கணவர் அண்ணாதுரை மாமா மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு விரதம் இருந்தார். குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுபோல இதையும் தள்ளலாம் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்.

"என்னோடதை அழிச்சுட்டாங்கக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"முதல் பஸ்ல வரேன். பொழுதுக்குள்ள திரும்பிடுறேன்."

வந்தாள். ஐந்து மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டாக்டர் வந்து, பாதிதான் கிடைத்திருக்கிறது, நாளையும் எடுக்க வேண்டும் என்றார். என் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி அக்கா மாமாவைப் போனில் அழைத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று என்னையும் இணைத்தாள்.

"நீ தங்குனா நான் தீ மிதிக்க முடியாது தேவயானி. வேண்டுதல் இது."

"என்னன்னு வேண்டுனீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குற. மேகலா பொழைக்கணும்னுதான்."

"அப்ப காப்பை அவுத்துடுங்க."

மாமா போனை வைத்துவிட்டார். அக்கா தங்கினாள்.

இரண்டு நாளும் எடுத்த செல் பைகள் எனக்குள் இறங்கின. செல்கள் தாமாகவே எலும்பைத் தேடிப் போய் உட்காரும் என்றார்கள். பத்தாம் நாள் வெள்ளை அணு இல்லை. பதிமூன்றாம் நாளும் இல்லை. காய்ச்சல் நூற்று மூன்று. ஊரில் ஆத்தா கோபம் என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே போனவை மறுபடி தூங்கிவிட்டனவா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அக்கா தினமும் கண்ணாடிக்கு வெளியே வந்து, காலைப் பரிசோதனைத் தாள் வரும்வரை நின்றாள்.

பதினேழாம் நாள் தாளில் வெள்ளை அணு முந்நூறு என்று இருந்தது. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா திருச்சியில் தங்கிய அன்று இரவே மாமா காப்பை அவிழ்த்துவிட்டாராம். அதன்பின் என்னோடு பேசியதில்லை. அக்காவின் காரியம் முடிந்த அன்று அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவளுது இன்னும் இருக்கா?"

"கொஞ்சம் ஓடுது மாமா. மிச்சம் உள்ள தூங்குது."

அவர் விரல்கள் நாடியைத் தேடின. அது கிடைக்கும்வரை நான் கையை அசைக்கவில்லை.