தட்டையான கோடு

ஓரெஸ்ட் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

காலையில் அவன் மனைவி மார்னிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. இருபத்தொன்பதாவது வாரம். குறைப்பிள்ளையை வைத்துப் பார்க்க இந்தச் சின்ன ஊர் மருத்துவமனையில் வசதி கிடையாது. வடக்கே இருக்கும் பெரிய நகரமான சாஸ்கட்டூனிலிருந்து ஆம்புலன்ஸ் விமானம் வரவேண்டும். பனிப்புயல் ஓயாமல் அது கிளம்பாது.

"இந்த மாத்திரை வலிய நிறுத்திடுமா?" என்று கேட்டான்.

"நிறுத்தாது. தள்ளிப்போடும்," என்றாள் நர்ஸ் லோர்னா. "கால்சியம் உள்ள போனாத்தான் கர்ப்பப்பைத் தசை இறுகும். மாத்திரை அந்த வாசலச் சாத்துது. ரெண்டு நாள் கிடைச்சா போதும். பிள்ளை நுரையீரலுக்குப் போட்ட ஊசி அதுக்குள்ள வேலை செஞ்சிடும்."

"ரெண்டு நாளா? எனக்கு ரெண்டு மணி நேரமே தாங்கலையே."

"உன்ன யாருப்பா தாங்கச் சொன்னா? தாங்குறது அவ."

மாத்திரை போட்டதில் மார்னியின் முகம் சிவந்திருந்தது. "நீ நடக்கிறதப் பாத்தா தலை சுத்துது, ஓரெஸ்ட். மாத்திரையாலயா, உன்னாலயான்னே தெரியல."

லோர்னா பக்கத்து அறைக்குப் போனாள். மார்னி கண்ணை மூடினாள். அவள் வயிற்றில் கட்டியிருந்த பட்டைகளின் கம்பி ஓர் இயந்திரத்துக்குப் போனது; அதிலிருந்து வந்த தாளை ஓரெஸ்ட் பார்த்தான். கீழ்க்கோட்டில் மேடு, மேடு, மேடு. பிறகு சின்ன மேடு. பிறகு ஒன்றுமில்லை. தட்டையாகப் போனது.

எண்ணெய்க் கிணறுகளில் அழுத்தத் தாள் படிப்பது அவன் வேலை. கோடு ஏறி இறங்கினால் பம்பு ஓடுகிறது. தட்டையானால் செத்துவிட்டது.

"லோர்னா! வாங்க! போயிடுச்சு, எல்லாம் போயிடுச்சு!"

அவள் ஓடிவந்தாள். மார்னி திடுக்கிட்டு விழித்தாள். லோர்னா தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கடவுளே! பிள்ளையோட துடிப்பு மேல இருக்கிற கோடு. அது நல்லாத்தான் ஓடுது. கீழ இருக்கிறது வலி. வலி அடங்கியிருக்குன்னு அர்த்தம். இது உன் எண்ணெய்க் கிணறு இல்லப்பா."

மார்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா வெளிய வந்திடப் போறா."

ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் தடவையாக உட்கார்ந்தான்.

மதியம் புயல் ஓய்ந்தது, விமானம் வந்தது. அதில் அவனுக்கு இடமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினான். பாதி வழியில் கைபேசி அடித்தது. ஓரம் கட்டினான். உடனே எடுக்கக் கை வரவில்லை. ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தான்.

"வந்து சேந்துட்டோம்," என்றாள் மார்னி. "இன்னும் உள்ளயேதான் இருக்கா. நாளைக்கு இன்னொரு ஊசி. நீ மெதுவா வா."

"சரி," என்றான். வண்டியை மெதுவாகச் சாலையில் ஏற்றினான்.