தலையில் முளைத்த கீழாநெல்லி

தையற்காரர் மனைவியின் தலையில் மூலிகை முளைக்கத் தொடங்கியது அவளுடைய முப்பத்தோராம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. தபால்காரர் இருமிக்கொண்டே எதிரில் வந்து நின்றார். அவள் வகிட்டோரத்தில் தூதுவளை கொடிவிட்டது. அன்றிலிருந்து வந்து நிற்பவருக்கு என்ன நோயோ, அதற்கான செடி. தலைபாரத்துக்கு நொச்சி, சொறிக்குக் குப்பைமேனி, வாடகை வாங்க வந்த வழுக்கைத்தலை வீட்டுக்காரருக்குச் செம்பருத்தி. நோய் வரும்போதெல்லாம் ஒருவருக்கு ஒரு தடவைதான், ஒரு கைப்பிடிதான். தூதுவளை என்றால் முள் இருக்கும். அவள் தலையில் வந்ததற்கு மட்டும் இல்லை. பறிக்கிறவர் கையைக் குத்திவிடக் கூடாதே என்று அவள் நினைத்ததால் அப்படி என்றார்கள். பறித்தால் வலிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருடத்தில் மருந்துக்கடைக்காரர் செருப்பு விற்கப் போய்விட்டார். செடியை மண்ணில் தேடும் பழக்கமும் தெருவுக்கு விட்டுப்போயிற்று. பதின்மூன்றாம் வருடம் அவளுக்கே மஞ்சள்காமாலை கண்டது. தன் நோய்க்குத் தன் தலையில் ஒன்றும் முளைக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு காமாலைக்காரர் எதிரில் வந்து நின்றால்தான் கீழாநெல்லி. தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வீடு வீடாகப் போய் ஆட்களின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். எல்லாரையும் அவள் குணப்படுத்தித் தொலைத்திருந்தாள். "நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சதும் ஏன்யா உன் மூஞ்சி இப்படித் தொங்குது?" என்று தபால்காரர் கோபித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் தையற்காரரின் அக்கா வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள், எலுமிச்சை நிறத்தில். தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவள் வாசற்படி ஏறியதுமே கீழாநெல்லி முளைத்துவிட்டது.

"தம்பி, உன் பொண்டாட்டி கண்ணும் மஞ்சளா இருக்கேடா," என்றாள் அக்கா.

தையற்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துணியைச் சரிபாதி வெட்டத் தெரிந்தவர். மருந்தைப் பாதியாக்கினால் இரண்டு பேருக்கும் பலிக்காது.

"உன் தலைதானே. மறுபடி முளைக்காமலா போயிடும்?" என்றார் மனைவியிடம்.

"முளைக்கும். அதுக்கு இன்னொருத்தருக்கு வரணுமே," என்றாள் அவள். பிறகு, "உங்க அக்காவுக்கே குடுங்க. வேரோட பிடுங்கணும், பார்த்து," என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.

வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் குடித்த அக்கா ஒன்பதாம் நாள் எழுந்து பஸ் ஏறினாள். பதினோராம் நாள் தையற்காரர் மனைவி இறந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்தபோது, முக்காலியை வழக்கமான இடத்தில் போட்டவர் கீழே பார்த்தார். சாக்கடையோரம் நெடுகக் கீழாநெல்லி. இலைக்கு அடியில் வரிசையாகக் காய். வருடக் கணக்காக அதை மிதித்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்து தைத்திருக்கிறார். தலையில் பார்த்தே பழகிய செடி; தரையில் அடையாளம் தெரியவில்லை. தெருவில் வேறு எவருக்கும்தான் தெரியவில்லை. அவர் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டியபோது, "சாக்கடையில மொளைக்கிறது எங்கேயாவது மருந்தாகுமா?" என்றார் வீட்டுக்காரர், செம்பருத்தியால் வளர்ந்த முடியைக் கோதிக்கொண்டே.

அவளைப் புதைத்த இடத்தில் இப்போது எல்லாம் முளைக்கிறது. நோய்க்காரர் போய் நின்றால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்கும். தையற்காரருக்கும் குளிர்காலத்தில் இருமல் வரும், போய் நிற்பார். தூதுவளை உடனே வரும், அவருக்கு மட்டும் முள்ளோடு. அவர் ஒவ்வொரு முள்ளாகக் கிள்ளிப் போட்டுவிட்டு மெல்லுவார். ஊசி குத்திப் பழகிய விரல், ஒன்றும் சொல்வதில்லை.