கழுத்திலிருந்து வால்வரைக்கும்

…அடிக்காத பரணி, கொஞ்சம் இரு என்று தேவகிருபை கையைக் குறுக்கே நீட்டுகிறாள், ரெண்டு வீட்டுக்கும் பொதுவான பாத்ரூம் சுவரில் பாம்பு பாதி ஏறி நிற்கிறது, கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, பக்கத்து வீட்டுப் பரணிதரன் கழியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான், அவன் பெண்டாட்டி ஜோதி தவழ்கிற பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, "கட்டுவிரியனாக்கா? நீங்க சொன்னா சரி" என்கிறாள், நீங்க சொன்னா சரி… இந்த வார்த்தைதானே குடியைக் கெடுத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிள், தோலில் குண்டூசிக் கீறல் இருந்தாலும் எடுத்து அந்தப்பக்கம் போட்டுவிடுவாள், அதனால் தெருவில் எந்த வீட்டு வாசலில் பாம்பு வந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும், சாரையா, தண்ணிப்பாம்பா, கொம்பேறியா, பார்த்த மாத்திரத்தில் சொல்வாள், அப்போதெல்லாம் எவ்வளவு பெருமை, பாழாய்ப்போன பெருமை.

ரெண்டு வருஷமாகிறது, இதே மாதிரி காலையில்தான், தரையில் பாய்போட்டுப் படுத்திருந்த அவள் புருஷன் சத்தியநாதன் எழுந்து உட்கார்ந்து, கையில ஏதோ எறும்பு கடிச்சமாதிரி இருந்துது கிருப, பாயோரம் பாம்பு வேற கெடக்குது, இன்னான்னு வந்து பாரு என்றார், தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே எட்டிப்பார்த்து, அது சும்மா வீட்டுப்பாம்பு, வெஷமில்ல, தள்ளிவுடுங்க என்று சொல்லிவிட்டு ஓடினாள், மனுஷனும் நம்பித் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டு டீ போட்டுக் குடித்திருக்கிறார். பத்து மணிக்குப் போன், இமை தூக்க முடியலையாம், வயித்த வலியாம், வேலூர் போய்ச் சேருவதற்குள்… ஏசப்பா, வீக்கம்கூட இல்லையே. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், நல்லாத்தான் பாத்தேன், கட்டுவிரியனும் வீட்டுப்பாம்பும் ஒரே அச்சு, யாரா இருந்தாலும் ஏமாந்துடுவாங்க. நர்சிங் படிக்கிற மகள் அக்சாகூட அழுதுகொண்டே, ரெண்டும் ஒரேமாதிரிதாம்மா இருக்கும், நீ இன்னா பண்ணுவ என்று கண்ணைத் துடைத்துவிட்டாளே, அந்த ஒரு சொல்லில்தான் இந்த ரெண்டு வருஷமும் சோறு இறங்கியது.

"அக்கா, மேல ஏறிடப் போவுது, போடட்டுமா?" கட்டுவிரியன்தான் என்று சொல்லிவிட்டால் என்ன, ஒரே அடி, தீர்ந்தது, யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை, இல்லையென்று சொல்லி அது தப்பாகிவிட்டால்? பிள்ளை தரையில் தவழுதே… இல்லை, பார்ப்போம், இந்தத் தரம் நல்லாப் பார்ப்போம், கழுத்திலிருந்து வால்வரைக்கும், தோலைப் பார்க்கிறமாதிரி. பட்டை கழுத்தை ஒட்டியே ஆரம்பிக்கிறது, முன்னால் அகலம், போகப்போக மங்கி, வால்பக்கம் ஒன்றுமே இல்லை, தலையும் தட்டை. கட்டுவிரியனுக்கு நேர்மாறாச்சே, கழுத்துப்பக்கம் வெறும் கறுப்பு, தள்ளித்தான் மெல்லிசுக் கோடு, ரெண்டு ரெண்டாக வால்வரைக்கும் பளிச்சென்று. அவர் போனபிறகு போனில் எத்தனை படம் பார்த்திருப்பாள்! இது வெள்ளிக்கோல் வரையன், வீட்டுப்பாம்பு என்கிறோமே அதுதான், வாயில்லாப் பூச்சி. எங்கே ஒரே அச்சு? இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதே… அப்போ அன்னிக்கு? அன்னிக்குப் பட்டை எங்கே ஆரம்பித்தது? தலை எப்படி இருந்தது? யோசிக்கிறாள், டிபன் பாக்ஸ் கிளிப் மாட்டாமல் படுத்தியது ஞாபகமிருக்கிறது, மூன்றாவது ஹாரன் ஞாபகமிருக்கிறது, பாயோரம் கறுப்பாக ஏதோ… டார்கெட் முடியாத நாளில் கடைசி அரைமணி தோலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாஸ் முத்திரை குத்தித் தள்ளுவாளே, அப்படி… ஐயோ, ஏமாறவில்லை, அவள் பார்க்கவே இல்லை.

"வெஷமில்ல பரணி. கழியக் கீழ போடு. யாரும் கிட்ட போவாதீங்க, அதுவா போய்டும்."

"நல்லா பாத்தீங்களாக்கா?" ஜோதி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்கிறாள்.

"பாத்தேன் ஜோதி. இன்னிக்கு பாத்தேன்."

பாம்பு சுவரேறி ஓட்டு இடுக்கில் போய்விட்டது, அவர்களும் போய்விட்டார்கள், அவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள், சாயங்காலம் அக்சா ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணுவாள், சாப்டியாம்மா என்பாள்… சொல்லிடணுமா, எந்த வாயால சொல்றது, சொன்னபிறகு அந்தப் புள்ள நம்மள இன்னொருவாட்டி அம்மான்னு கூப்புடுமா?